சரக்கு விமானம் வீழ்ந்தது ஏன்? ஊகமும் விசாரணையும்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



வானத்திலிருந்து ஒரு விமானம் வீழ்ந்தது என்ற செய்தி வந்த மாத்திரத்தில் அதன் காரணத்தைக் கண்டுபிடித்துவிடாத ஊர் உலகில் இல்லை. காலையில் சந்தையிலே ஒரு காரணம் பிறக்கும். பஸ் தரிப்பிடத்திலே இன்னொன்று பிறக்கும். மாலையில் வாசிகசாலைத் திண்ணைக்கு வந்து சேரும்போது இரண்டும் கலந்து மூன்றாவதொன்று உருவாகியிருக்கும். விசாரணை உத்தியோகத்தர் அந்த இடத்தை அடைவதற்கு முன்பே வழக்கு விளங்கப்பட்டு, குற்றவாளியின் பெயர் கூறப்பட்டு, தீர்ப்பும் வழங்கப்பட்டுவிடும்.

இதனை இழித்துரைப்பதற்கு நாம் இங்கு வரவில்லை. காரணம் தேடுவது மனித இயல்பு. பயிர் வாடினால் வேரைப் பார்ப்பவனே கமக்காரன். விசாரணை செய்கின்ற நிபுணர்களும் ஊகத்திலிருந்தே தொடங்குகிறார்கள். ஆனால் அவர்களுடைய ஊகம் சான்றுக்குக் கட்டுப்பட்டது. நம்முடைய ஊகமோ பெரும்பாலும் விருப்பு வெறுப்புக்குக் கட்டுப்பட்டது. இந்த வேற்றுமையால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதையே இன்று பேச விரும்புகின்றோம்.

சரக்கு விமானத்தை நாம் எடுத்துக்கொண்டமைக்கு ஒரு காரணம் உண்டு. பயணிகள் விமானம் வீழ்ந்தால் இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் வருகிறது. நாடுகள் துக்கம் அனுட்டிக்கின்றன. சரக்கு விமானத்தில் இருப்பவர்கள் இரண்டு பேர், நான்கு பேர், அதிகமாயின் ஏழெட்டுப் பேர். அவர்களைப் பற்றி எவரும் கேட்பதில்லை. “உள்ளே என்ன இருந்தது?” என்பதே முதற் கேள்வியாக இருக்கிறது. மூடிய கதவுக்குள் இருந்த பொருள் எதுவென்று தெரியாதபோது கற்பனைக்கு எல்லையில்லை.

2013 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 29 ஆம் திகதி ஆப்கானிஸ்தானில் நடந்ததை முதலில் நோக்குவோம். நஷனல் எயர்லைன்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பனிக்குரிய போயிங் 747-400 சரக்கு விமானம் ஒன்று பாஸ்டியன் முகாமிலிருந்து இராணுவத்தின் கவச வாகனங்கள் ஐந்தை ஏற்றிக்கொண்டு பக்ராம் தளத்தில் இறங்கியது. அங்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டு டுபாய் நோக்கிப் புறப்பட்டது. அந்த வாகனங்களுள் இரண்டு ஒவ்வொன்றும் சுமார் 12 தொன். மற்றை மூன்றும் ஒவ்வொன்றும் சுமார் 18 தொன். விமானத்தில் ஏழு பேர் இருந்தனர். நிலத்தை விட்டெழுந்த விமானம் வழக்கத்துக்கு மாறாக மூக்கை உயர்த்திச் செங்குத்தாக ஏறியது. ஒரு கணம் வானில் தொங்கியது போல் நின்றது. பின்னர் சரிந்து நிலத்தில் மோதித் தீப்பிழம்பாயிற்று. ஏழு பேரும் மாண்டனர். அண்மையில் சென்றுகொண்டிருந்த வாகனமொன்றில் பொருத்தப்பட்டிருந்த கமெரா அக்காட்சியைப் பதிவு செய்தது. சில நாட்களுள் உலகம் முழுவதும் அதனைக் கண்டது.

ஊகங்கள் புறப்பட்டன. விமானத்தைத் தாமே வீழ்த்தியதாகத் தலிபான்கள் உரிமை கோரினர். போர் நடக்கும் நாடு. அமெரிக்க இராணுவத்தின் பொருள். நம்புவதற்கு அதிக பிரயாசை தேவைப்படவில்லை. நேசநாட்டுப் படையினர் அதனை மறுத்தனர். விமானிகள் மூக்கை அளவுக்கு மிஞ்சி உயர்த்திவிட்டனர் என்றனர் சிலர். ஆனால் அந்தப் படத்தைக் கண்ட பெரும்பாலோர் ஒரே முடிவுக்கு வந்தனர்: பாரம் பின்னே சரிந்துவிட்டது!

இந்த மூன்றாவது ஊகத்தை விளங்கிக்கொள்வதற்கு இச்சபையிலுள்ள கமக்காரர்களுக்கு விமானவியல் படிப்பு வேண்டியதில்லை. மாட்டு வண்டிலில் பாரம் ஏற்றியவர் எவரும் அறிவார். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் கூடினால் நுகம் மேலெழுந்து மாட்டின் கழுத்தை நெரிக்கும். பாரம் அச்சுக்கு மேலே அமையும்படி மூட்டைகளை மாற்றி மாற்றி அடுக்குவது அதற்காகவே. விமானத்துக்கு அதன் இறக்கைதான் அச்சு. பின்னே பாரம் நகர்ந்தால் மூக்கு எழும். மூக்கு மிதமிஞ்சி எழுந்தால், இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்று அதனைவிட்டுப் பிரிந்துவிடும். அவ்வாறு பிரிந்த கணத்திலேயே விமானத்தைத் தாங்கும் விசை அற்றுப்போகிறது. வண்டிலில் நுகத்தைப் பிடித்து அமர்த்த ஒருவர் ஓடிவரலாம். 747 இன் மூக்கைப் பிடித்து அமர்த்த யாரால் முடியும்?

ஆகவே உலகத்தின் ஊகம் அறிவுக்கு ஒவ்வாததன்று. ஆயினும் விசாரணையாளர் அத்துடன் நின்றுவிடவில்லை. நாம் கற்கவேண்டிய பாடம் இங்கேதான் தொடங்குகிறது.

ஆப்கானிய அரசாங்கம் இவ்விசாரணையைப் பின்னர் அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையிடம் ஒப்படைத்தது. விமானத்தின் தரவுப் பதிவு கருவி, குரற்பதிவு கருவி ஆகிய இரண்டும் விமானம் எழுந்த சிறிது நேரத்துக்குள் பதிவதை நிறுத்தியிருந்தன. நிலத்தில் மோதியபோது நின்றிருந்தால் அதில் விசேடம் எதுவுமில்லை. அதற்கு முன்னரே நின்றமைதான் விசேடம். அக்கருவிகள் விமானத்தின் வாற்பகுதியில் இருப்பவை. அன்றியும், விமானம் வீழ்ந்த இடத்திலன்றி அது ஓடிச்சென்ற ஓடுபாதையிலேயே விமான உடற்றகட்டின் துண்டுகளும், எண்ணெய் அமுக்கக் குழாயின் பகுதியும் கிடந்தன. அப்படியாயின் விமானம் வீழ்வதற்கு முன்பே அதன் வாலுக்குள் ஏதோ உடைந்திருக்கவேண்டும். உடைத்தது எது?

கடைசியாக நிறுத்தப்பட்டிருந்த 12 தொன் வாகனம், தன்னைக் கட்டியிருந்த பட்டிகளை மீறிப் பின்னோக்கி ஓடியது. விமானத்தின் பின் சுவரைத் துளைத்து வாலுக்குள் புகுந்தது. அங்கே எண்ணெய் அமுக்கத் தொகுதிகள் நான்கில் இரண்டைச் சிதைத்தது. வாலிலுள்ள கிடைச் சிறகை ஏற்றி இறக்கும் பொறியையும் நொறுக்கியது. அந்தக் கிடைச் சிறகினால்தான் விமானத்தின் மூக்கு உயர்வதும் தாழ்வதும். பின்பாரம் கூடியதைக் காட்டிலும், அதனைச் சமாளிப்பதற்கு விமானிகளின் கையிலிருந்த கருவியே பறிபோயிற்று என்பதே பெரிய விபரீதம். உலகின் ஊகத்துக்கு இந்தப் பாதி தெரியாது. பாதி மாத்திரம் சரியான ஊகத்துக்கு ஒரு தனி ஆபத்து உண்டு: முழுவதும் தவறான ஊகத்தை விசாரணை எளிதில் கொன்றுவிடும், பாதி சரியானதோ தன்னை நிரூபித்துக்கொண்டதாக எண்ணி அடுத்த கணமே ஒரு மனிதனை நோக்கி விரலை நீட்டும்.

யாரை நோக்கி நீட்டும்? பாரம் ஏற்றியவனை நோக்கி! “கட்டியவன் ஒழுங்காகக் கட்டவில்லை.” மூன்று சொற்களில் வழக்கு முடிந்தது என்று வைத்துக்கொண்டாலும் வியப்பில்லை. பாரமேற்றுவதற்குப் பொறுப்பாயிருந்தவர் அதே விமானத்திலேயே சென்று அதிலேயே மாண்டார். இறந்தவன் மறுத்துப் பேசமாட்டான். உயிரோடிருக்கும் கம்பனிக்கும் அலுவலகத்துக்கும் இதைக் காட்டிலும் வாய்ப்பான குற்றவாளி கிடைப்பானா?

அவர் ஒழுங்காகக் கட்டவில்லை என்பது உண்மையே. சபையின் அறிக்கையும் அதைக் கூறுகிறது. ஆயின் அந்த அறிக்கை அடுத்த கேள்வியைக் கேட்டது: ஏன் அவ்வாறு கட்டினார்?

சாதாரண சரக்கு பெட்டிகளிலோ பலகைகளிலோ அடுக்கப்பட்டு, விமானத் தளத்திலுள்ள பூட்டுகளிற் பொருத்தப்படுகிறது. இக்கவச வாகனங்களை அவ்வாறு பூட்ட இயலாது. ஆகவே அவற்றைப் பலகைகளின் மேல் விமானத்தின் நடுக்கோட்டில் நிறுத்தி, பட்டிகளால் தளத்தோடு இழுத்துக் கட்டினார்கள். அக்கம்பனி இத்தகைய வாகனங்கள் ஐந்தை ஒருங்கே ஏற்றியது அதுவே முதல் முறை. எத்தனை பட்டி வேண்டும், எங்கே கொளுவ வேண்டும், ஒவ்வொரு கொளுவியும் எவ்வளவு தாங்கும் என்பவற்றை அவர் எதனைப் பார்த்து அறியவேண்டும்? கம்பனியின் கைந்நூலைப் பார்த்து. அந்தக் கைந்நூலில், விமானத்தை ஆக்கியவர்களும் சரக்குத் தளத்தை அமைத்தவர்களும் விதித்திருந்த முக்கியமான விபரங்கள் விடுபட்டிருந்தன. விடுபட்டதோடு அமையாது, பிழையான முறைகளும் எழுதப்பட்டிருந்தன. பட்டியின் சாய்வு அதன் பிடிமானத்தை எவ்வாறு குறைக்கும் என்பது அதில் விளக்கப்படவேயில்லை.

இந்தச் சாய்வு விடயத்தில் ஒரு நிமிடம் தாமதிப்போம். லொறியில் வாழைக்குலையும் வெங்காய மூட்டையும் ஏற்றி அனுப்புகின்ற அன்பர்களுக்கு இதில் நேரடியான பயன் உண்டு. ஒரு கயிறு ஆயிரம் கிலோ தாங்கும் என்றால், அதை இழுக்கும் திசையிலேயே நீட்டிக் கட்டும்போதுதான் அவ்வளவும் தாங்கும். தளத்தோடு 60 பாகை சாய்வாக உயர்த்திக் கட்டினால், பொருள் முன்பின்னாக நகர்வதைத் தடுப்பதற்கு அதன் வலுவில் பாதியே உதவும். அதன் இழுப்பின் பெரும்பங்கு பொருளைக் கீழ்நோக்கி அழுத்துவதிற் செலவாகிவிடும். இன்னும் நிமிர்த்திக் கட்டினால் இன்னும் குறையும். பார்வைக்குக் கயிறு விறைப்பாகவே இருக்கும்! கட்டியவன் தட்டிப் பார்த்துத் திருப்தியடைவான். கயிற்றின் எண்ணிக்கையைக் கூறி, அதன் கோணத்தைக் கூறாத கைந்நூல், கட்டுகிறவனுக்கு நம்பிக்கையை மாத்திரம் கொடுத்து வலுவைக் கொடுக்காத நூலாகும்.

குரற்பதிவு கருவியில் இன்னொரு செய்தியும் இருந்தது. பக்ராமில் நின்றபோது, பட்டி ஒன்று அறுந்திருந்ததையும் பாரம் சிறிது நகர்ந்திருந்ததையும் பற்றி அவ்விமானத்தினர் தம்முள் பேசிக்கொண்டனர். இதனைக் கேட்டவுடன் பலருடைய இரக்கம் வற்றிவிடுகிறது. “தெரிந்தும் பறந்தார்களா?” என்கிறார்கள். நாமும் அவர்களை முற்றாக விடுவிக்க முன்வரவில்லை. அறுந்த பட்டி ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை அவர்கள் குறுக்குக் கேள்வி கேட்டிருக்கவேண்டும். ஆயினும் அறுந்ததற்குப் பதிலாக வேறு கட்டி இறுக்கினால் போதும் என்று அவர்கள் நினைத்தமைக்கு ஆதாரம் எது? முழுக் கட்டுமே போதாது என்பதை அவர்களுக்குச் சொல்லவேண்டிய நூல் மௌனமாயிருந்தது.

2015 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சபை தன் முடிவை வெளியிட்டது. விசேட பாரங்களைக் கட்டுவதற்குக் கம்பனி வகுத்திருந்த முறைகள் போதாமையே சாத்தியமான காரணம் எனவும், அதனாலேயே பாரமேற்றுபவரின் கட்டுத் தவறாக அமைந்தது எனவும் அது கூறிற்று. அங்கும் நிற்கவில்லை. அக்கம்பனி விசேட பாரங்களைக் கையாண்ட விதத்தை அமெரிக்க சமஷ்டி விமானப் போக்குவரத்து நிர்வாகம் சரிவர மேற்பார்வை செய்யத் தவறியதும் விபத்துக்குத் துணைநின்றது என்று அது பதிவு செய்தது. விமானியிடம் அத்தாட்சிப் பத்திரம் உண்டு, திருத்துநரிடம் உண்டு. 18 தொன் வாகனத்தை விமானத்துக்குள் கட்டுகிறவருக்கோ அத்தகைய பத்திரம் எதுவும் சட்டத்தால் விதிக்கப்படவில்லை, பரீட்சையும் இல்லை, வேலைநேர எல்லையும் இல்லை. அதனை ஏற்படுத்த வேண்டுமென்று சபை சிபாரிசு செய்தது.

ஓர் அரசாங்கத்தின் சபை, அதே அரசாங்கத்தின் இன்னொரு பிரிவைப் பெயர் கூறிக் குற்றஞ்சாட்டுகிறது. எப்படி முடிந்தது? 1967 இல் தோன்றிய அச்சபை முதலில் போக்குவரத்துத் திணைக்களத்தோடு இணைந்தே இருந்தது. திணைக்களத்தின் கீழிருந்துகொண்டு திணைக்களத்தை விசாரிக்க இயலாது என்பதை உணர்ந்து, 1974 ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதனைத் தனியாகப் பிரித்தார்கள். விசாரணைக் குழு என்ற சொல்லைக் கேட்டவுடன் இந்நாட்டு மக்களின் முகத்தில் தோன்றும் புன்னகையை நாம் அறிவோம். ஆகவேதான் இதனைச் சற்று அழுத்திக் கூறினோம்.

இனி டுபாய்க்குச் செல்வோம். எம்மூர்ப் பிள்ளைகள் பலர் தொழில் தேடிச் சென்ற நகரம். 2010 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3 ஆம் திகதி யு.பி.எஸ். கம்பனியின் போயிங் 747 சரக்கு விமானம் அங்கிருந்து ஜேர்மனியின் கொலோன் நகரை நோக்கிப் புறப்பட்டது. பாரேன் எல்லையை அணுகும்போது சரக்குத் தளத்தில் தீ. சிறிது நேரத்தில் விமானிகளின் அறையிலே புகை நிறைந்தது. எதிரிலிருந்த கருவிகளே கண்ணுக்குத் தெரியவில்லை. கப்டனின் ஒட்சிசன் விநியோகம் நின்றது. வேறு முகமூடி தேடி ஆசனத்தை விட்டெழுந்த அவர் மீளவில்லை. தனித்து நின்ற துணை விமானி, வானொலியின் அலைவரிசையைக் கூட மாற்ற இயலாத நிலையில், வேறு விமானங்கள் அஞ்சல் செய்த செய்திகளைக் கேட்டு விமானத்தைச் செலுத்தினார். டுபாய் வரை வந்தார். ஓடுபாதையைக் காணாமலே கடந்தார். இராணுவ முகாம் ஒன்றினுள் விமானம் வீழ்ந்தது. இருவரும் மாண்டனர். நிலத்தில் எவரும் இறக்கவில்லை.

புகை கண்டு நெருப்பை அனுமானிப்பது நம் தருக்க நூலார் காட்டும் பழைய உதாரணம். டுபாயில் புகையும் இருந்தது, நெருப்பும் இருந்தது. நெருப்பை இட்டவர் யார் என்பதிலேதான் அனுமானம் இடறியது. அதே ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், யேமனிலிருந்து சரக்கு விமானங்களில் அனுப்பப்பட்ட அச்சுப்பொறிகளுக்குள் வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த சில நாட்களில், செப்டெம்பரில் வீழ்ந்த விமானத்தையும் தாமே வீழ்த்தியதாக அரேபியாவிலுள்ள அல்கைதாவினர் உரிமை கோரினர். ஊகித்தவர்களை நாம் குறைகூற முடியாது. காலமும் இடமும் பொருந்தின. ஆனால் பொருத்தம் சான்றாகாது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் விசாரணையாளர் வெடிகுண்டுக்கான தடயம் எதனையும் காணவில்லை. தலிபானும் சரி, அல்கைதாவும் சரி, தாம் செய்யாததைச் செய்ததாகக் கூறுவதால் அவர்களுக்கு இழப்பென்ன? பெருமைக்கு விலை கொடுக்கவேண்டாத இடத்தில் எவரும் பெருமை கோருவர்.

விசாரணை கண்டது வேறு. சரக்கினுள் ஏராளமான லிதியம் பற்றரிகள் இருந்தன. அவற்றுட் சில ஆபத்தான பண்டமாக அறிவிக்கப்படவேண்டியவை, அவ்வாறு அறிவிக்கப்படவில்லை. நம் சட்டைப் பையிலுள்ள கைத்தொலைபேசியில் இருக்கும் அதே இனம்தான். ஒன்று சூடேறி எரிந்தால் அதன் வெப்பம் அடுத்ததைக் கொளுத்தும்; வைக்கோற் போரில் பற்றிய தீயைப் போலன்று, தன்னைத் தானே ஊட்டிக்கொள்ளும் தீ அது. அக்காலத்துச் சரக்குத் தளங்களில் தீயணைக்கும் முறை, காற்றமுக்கத்தைக் குறைத்துத் தீயைத் திணறடிப்பதாகும். இந்தத் தீ அதற்கு அடங்கவில்லை.

இங்கும் ஒரு விரல் நீண்டது. சுமார் 100 மைல் தூரத்தில் டோகா விமான நிலையம் இருந்தது. கட்டுப்பாட்டாளர் அதனைக் குறிப்பிட்டார். கப்டன் அதைவிடத் தூரமான டுபாய்க்குத் திரும்பவே தீர்மானித்தார். “அருகே செல்லாதது ஏன்?” என்று வீட்டில் சாய்மனைக் கதிரையிலிருந்து கேட்பது எளிது. அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்தது எச்சரிக்கை மணி ஒலித்தது என்பது மாத்திரமே. புகை அறைக்குள் புகுமென்பதோ, தன் முகமூடி தன்னைக் கைவிடுமென்பதோ அவருக்குத் தெரியாது. முடிவை அறிந்த பின் தொடக்கத்தைத் தீர்ப்பிடுவது, பரீட்சை முடிந்த பின் விடையைச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒப்பாகும். அப்பெட்டியில் இருந்ததை அறிவிக்காமல் விட்டவர் தம் அலுவலகத்தில் இருந்தார். தீர்மானம் எடுத்தவர் புகைக்குள் இருந்தார். பின்னர் விதிகள் மாறின: பயணிகள் விமானங்களில் லிதியம்-அயன் பற்றரிகளைச் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் உலகளவில் தடைசெய்யப்பட்டது. சரக்கு விமானங்களுக்கு அத்தடை விதிக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க.

மூன்றாவது கதை ஒல்லாந்தில் நடந்தது. எம் உள்ளத்தை அதிகம் வருத்துவதும் அதுவே. 1992 ஆம் ஆண்டு ஒக்டோபர் 4 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, இஸ்ரேலின் எல் அல் கம்பனிக்குரிய 747 சரக்கு விமானம் ஆம்ஸ்டர்டாம் நகரின் பிஜ்ல்மர்மீர் என்னும் பகுதியில் இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் மேல் வீழ்ந்தது. வலது இறக்கையின் எஞ்சின் ஒன்று பெயர்ந்து, பக்கத்திலிருந்த மற்றதையும் தட்டிக்கொண்டு ஏரியில் வீழ்ந்திருந்தது. தம் எஞ்சின்கள் இயங்கவில்லை என்றே விமானிகள் கருதினர். அவை இறக்கையிலேயே இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. விமானிகளின் அறையிலிருந்து அவை எளிதிற் கண்ணுக்குப் படுவதில்லை. எஞ்சினைத் தாங்கும் தூணில் இருந்த ஓர் ஊசி நாட்பட்ட தேய்வினால் வெடித்திருந்தது. 1991 டிசெம்பர் 29 இல் தாய்வானில் சைனா எயர்லைன்ஸ் சரக்கு விமானம் ஒன்று இதே வண்ணம் எஞ்சின்களை இழந்து வீழ்ந்து ஐந்து பேர் மாண்டிருந்தனர். அதன் காரணம் முற்றாகத் தெளியுமுன் ஒன்பது மாதத்தில் இது நிகழ்ந்தது. ஐந்து பேர் மாண்ட சரக்கு விமானத்துக்காக உலகம் அவ்வளவு அவசரப்படவில்லை!

அக்கட்டடங்களில் வாழ்ந்தோரிற் பெரும்பாலார் சுரினாம், அன்ரில்லஸ், கானா முதலிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய ஏழைத் தொழிலாளர். வதிவிட அனுமதிப் பத்திரம் இல்லாதோரும் அவர்களுள் இருந்தனர். ஆதலால் இறந்தவர் எத்தனை என்பதே தெரியவில்லை. 200 பேருக்கு மேல் என்று முதலில் அஞ்சினர். முடிவில் விமானத்திலிருந்த நால்வருடன் 43 பேர் என்று கணக்கு நின்றது. பட்டியலில் பெயரில்லாத மனிதன் இறந்தால் அவனை எந்தப் பட்டியலிலிருந்து கழிப்பது என்ற வினா அங்கே எழுந்தது.

எஞ்சினும் ஊசியும் பற்றிய விசாரணை தன் வேலையைச் செய்தது. மக்களோ வேறொன்றைக் கேட்டனர்: விமானத்துக்குள் என்ன இருந்தது? குடியிருப்பாளரும், அன்றிரவு மீட்புப் பணிக்குச் சென்றவர்களும் தமக்கு வந்த நோய்களுக்குக் காரணம் கேட்டனர். பூவும் வாசனைத் திரவியமும் என்பது போன்ற பதிலே அவர்களுக்குக் கிடைத்தது. பின்னர் வால் பகுதியில் சமநிலைக்காக வைக்கப்பட்டிருந்த, செறிவு குறைக்கப்பட்ட யுரேனியம் சில நூறு கிலோ இருந்தது என்பதும், அதில் ஒரு பங்கு மீட்கப்படவில்லை என்பதும் வெளிவந்தன. ஆறு ஆண்டுகள் கழித்து, 1998 இல், சாரின் என்னும் நச்சு வாயுவை ஆக்குவதற்கும் பயன்படக்கூடிய இரசாயனம் ஏறத்தாழ 190 லீற்றர் அச்சரக்கில் இருந்ததென்று பத்திரிகைகள் வெளிப்படுத்தின. விமானத்தின் குரற்பதிவு கருவி கிடைக்கவேயில்லை. வெள்ளை அங்கி அணிந்த மனிதர்கள் இரவில் வந்து எதையோ எடுத்துச் சென்றனர் என்ற கதை ஊரெங்கும் பரவியது.

அந்த இரசாயனமே மக்களை நோயாளராக்கியது என்று நாம் கூறவில்லை. அதற்கான சான்று நம்மிடம் இல்லை. விமானம் வீழ்ந்தது அதனாலன்று என்பது நிச்சயம். வீழ்த்தியது அந்தச் சிறிய ஊசி. ஆனால் முதல் வாரத்திலேயே சரக்குப் பட்டியலை முழுமையாக மக்கள் முன் வைத்திருந்தால் வெள்ளை அங்கிகள் நடமாடியிருக்குமா? ஒளித்த ஒரு பொருள் வெளிவந்த அன்று, ஒளிக்காத நூறு பொருள்களையும் மக்கள் சந்தேகித்தார்கள். அதன் பின் உண்மையைச் சொன்ன அதிகாரியையும் எவரும் நம்பவில்லை. 1999 ஆம் ஆண்டில் ஒல்லாந்துப் பாராளுமன்றம் தானே விசாரணை நடத்தி, அரசாங்கம் இதனைக் கையாண்ட விதத்தைக் கடிந்துரைத்தது. ஏழு ஆண்டுகள்! ஊகம் பரப்பியவர்களைக் கண்டித்த அதே அதிகாரிகள்தாம் அந்த ஊகத்துக்கு ஏழு ஆண்டு உரமிட்டவர்கள்.

“அப்படியாயின் விமானம் வீழ்ந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கவேண்டுமா?” என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. 1944 ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கையின் கீழ் விமான விபத்து விசாரணைக்கென வகுக்கப்பட்ட விதிகள் உள்ளன. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் அங்கம் வகிக்கும் நாடே. விசாரணையின் நோக்கம் மேலும் விபத்து நிகழாமல் தடுப்பதே, குற்றம் சுமத்துவதன்று என்பது அவ்விதிகளின் அடிப்படை. விபத்து நிகழ்ந்து 30 நாட்களுள் முதற்கட்ட அறிக்கை ஒன்று ஆக்கப்படவேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. முப்பது நாள் என்பது ஒரு நாற்று நட்டு வேரூன்றும் காலம். அதுவரை ஊகிப்போம், ஆனால் ஊகத்தை ஊகம் என்றே அழைப்போம். முப்பத்தோராம் நாள் அறிக்கை எங்கே என்று கேட்போம். அந்த அறிக்கை இறந்த தொழிலாளியின் கையோடு நின்றுவிட்டால், அவன் கையில் கொடுக்கப்பட்ட நூலை எழுதியவர் யார், அதனைப் பார்த்து ஒப்பமிட்டவர் யார் என்று கேட்போம்.

பக்ராமில் மாண்ட ஏழு பேரின் குடும்பத்தினர் 2013 ஏப்ரல் முதல் 2015 ஜூலை வரை காத்திருந்தார்கள். அந்த இரண்டேகால் வருடமும் அந்தப் படம் உலகம் முழுவதும் ஓடிக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கானோர் அதன் கீழ் தத்தம் தீர்ப்பை எழுதிச் சென்றார்கள்.

நேரம் கடந்துவிட்டது. அன்பர்கள் சிலர் கேள்விகளைத் துண்டுகளில் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துண்டில், லொறியில் மூட்டைகளைக் குறுக்காகக் கட்டுவதா நெடுக்காகக் கட்டுவதா என்று கேட்கப்பட்டிருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.